வில்லெடுத்தவன் யார்?

அரசன் மானை எய்தால் அதற்கு வீரம் என்று பெயர். வேடன் எய்தால் கொலை என்று பெயர். நம் புலவர் பெருமக்களிற் பலர் இவ்விரண்டு அகராதிகளையும் ஒரே மடியிற் கட்டிக்கொண்டு உலவுகின்றனர். வேட்டை இலக்கியம் என்று மேடையேறுவோர், எடுத்த எடுப்பிலேயே மன்னன் தேரையும் மணிமுடியையும் காட்டி மகிழ்கின்றனர். வேட்டையை உள்ளபடி அறிந்து பாடிய பாட்டு எது, அறியாமற் பாடிய பாட்டு எது என்று வினவுவார் அரியர். அவ்வினாவையே நாம் ஈண்டு எழுப்புகின்றோம்.

காளிதாசனின் சாகுந்தலத்தைக் கொள்வோம். மறைமலையடிகள் 1907இல் தமிழாக்கித் தந்த நாடகம் அது. தேரேறி, வில்லேந்தி, மானைத் துரத்திவரும் துஷ்யந்தனோடு அது தொடங்குகிறது. ஆசிரமத்து மான், கொல்லற்க என்று தவசிகள் தடுக்க, அரசன் அம்பை மீட்டுக்கொள்கிறான். இரண்டாம் அங்கத்திலே படைத்தலைவன் வேட்டைக்காக வாதாடுகிறான். கொழுப்புக் கரையும், வயிறு ஒட்டும், உடல் இலேசாகும். அச்சத்திலும் சினத்திலும் விலங்கின் மனம் போகும் போக்கு விளங்கும். ஓடும் இலக்கில் அம்பு தைப்பதே வில்லாளிக்குச் சிறப்பு. இதனைக் குற்றமென்பது வீண்பழி என்கிறான். வேட்டையின் கவர்ச்சியை இத்துணைச் சுருக்கமாகச் சொன்னவர் சிலரே. ஆயினும் பசித்தவன் ஒருவனும் இவ்வாறு பேசான். அரண்மனைச் சோற்றால் தடித்த வயிற்றைக் கரைக்க ஒரு மான் சாகவேண்டுமாம்!

அன்றியும், வில்வேட்டை தேரோட்டமன்று. துப்பாக்கிக்காரன் நூறு கசத்துக்கு அப்பால் நின்று கொல்லலாம். வில்லாளியோ இருபது முப்பது கசத்துக்குள் நெருங்கியாகவேண்டும். காற்று மானிடமிருந்து தன்னை நோக்கி வீசுமாறு நிற்கவேண்டும், சருகு நொறுங்கலாகாது. அமெரிக்க நாட்டிலே இன்றும் வில்லுக்கெனத் தனி வேட்டைப் பருவம் வகுத்து, அதை நாடிச் செல்வோர் பலர் இருப்பதற்கு இந்த நெருக்கமே காரணம். நாடகத்துக்கு ஓட்டம் வேண்டும்; ஆதலின் காளிதாசனை நாம் நோகவில்லை. அதனையே வேட்டையென்று நம்பும் உரையாளரைத்தான் நோகின்றோம்.

இனி நம் வீட்டுச் சரக்குக்கு வருவோம். புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பாடுகிறார். அவன் விட்ட ஓரம்பு யானையை வீழ்த்திப் புலியைக் கொன்று, புள்ளிக் கலைமானை உருட்டிப் பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாம். மிகைதான், இருக்கட்டும். நம் கண்ணை உறுத்துவது வேறு. இவன் விலைக்காகக் கொல்பவன் போலில்லை, செல்வமுடையான் போலும் என்று புலவர் வியக்கிறார். அஃதாவது, வயிற்றுக்காக எய்பவன் அல்லன் என்பதே புகழாகிறது! ஓரியோ, கொன்ற மானின் இறைச்சியைத் தேறலோடும் பொன்மணிக் குவியலோடும் அள்ளிக் கொடுக்கிறான். தன் பெயரைப் பாடக் கேட்டு நாணுகிறான். புலவரைவிடத் தலைவன் உயர்ந்துவிட்டான் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே நூலின் 33ஆம் பாட்டில் பெயரில்லாத வேடன் ஒருவன் வருகிறான். அவன் மான்தசைக் கூடையையும் ஆய்மகள் தயிர்ப்பானையையும் கொடுக்க, உழவர் மகளிர் வெண்ணெல்லை முகந்து தருகின்றனர். அங்கே வேட்டை ஒரு தொழில். நெல்லுக்கு நிகரான பண்டம். இழிவு எங்கே?

ஆனால் நாம் தலைமேற்கொள்ளும் பாட்டு 320ஆவது, வீரை வெளியனார் பாடியது. குடிசை முற்றத்திலே கொடிப்பந்தர். வேடன் அயர்ந்து உறங்குகிறான். காட்டு மானை இழுக்கப் பழக்கிவைத்த பார்வைமான் அங்கே நிற்கிறது. எங்கிருந்தோ வந்த தனிக்கலை ஒன்று அதனோடு கூடி விளையாடுகிறது. மனையாள் காண்கிறாள். அசைந்தால் கணவன் விழிப்பான். அசைந்தால் கலையும் பிணையைப் பிரிந்தோடும். ஆகவே இருந்த இடத்திலேயே இருக்கிறாள். அதற்குள் மான்தோலிற் காயவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் தின்றுவிடுகின்றன.

என்ன நுட்பம்! பார்வைமான் எதற்கு? அம்புக்கு எட்டும் தொலைவுக்குக் கலையைக் கொணரத்தான். அத்தொழிற்கருவியே காதலுக்கு நிழலாயிற்று. இன்றைய சோறு முற்றத்தில் நிற்கிறது, நாளைய சோற்றைக் கோழி கொத்துகிறது, அவளோ வாளாவிருக்கிறாள். அவளுக்கு எந்தத் தவசியும் வந்து அருளறம் போதிக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரும் திண்ணனின் வேட்டையைப் பாடுங்கால், குட்டிகளைக் கொல்லாது, சூல்கொண்டு தளர்ந்த பிணைகளை வருத்தாது விட்ட வேடர்களைக் காட்டுகிறார். பக்திப் பெருக்கில் இவ்விடத்தைத் தாண்டிச் செல்வோரே பலர்.

இவற்றையெல்லாம் ஜொகூரிலிருந்து நாம் ஏன் பேசவேண்டும்? இங்கே எண்டாவ் ஆற்றுப் பக்கத்தில் ஜாக்குன் மக்கள் வாழ்கின்றனர். மலாயாவின் வடக்கே செமாங் மக்கள் முன்னாளில் வில்லேந்தினர். ஜாக்குன் கையிலிருப்பது ஊதுகுழல். ஈப்போ நகருக்குப் பெயர் தந்த மரத்தின் நச்சுப்பாலை முள்ளில் தோய்த்து மரத்திலுள்ள குரங்கை வீழ்த்துவர்; தரையில் திரியும் மானுக்கு ஈட்டியும் பொறியும். 1895 முதல் 1959 வரை ஆண்ட சுல்தான் இப்ராகிமின் புலிவேட்டை நூல்களில் ஏறியிருக்கிறது. ஜாக்குன் வேட்டுவனுக்கோ, அடிமை என்னும் பொருள் தோய்ந்த ‘சக்காய்’ என்ற இழிசொல்லே நெடுநாள் கிடைத்தது. அதைச் சொன்ன வாய்களில் ஓரியைப் போற்றும் தமிழ் வாயும் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை.

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழங்குடியினர் தம் குடும்ப உணவுக்காகச் சிலவகை விலங்குகளை வேட்டையாட விடுகிறது. உணவுக்கோ காசுக்கோ மாற்றலாகாது என்கிறது. மான் குறைந்தால் புலிக்கும் இரையில்லை. ஆதலின் கட்டுப்பாடு வேண்டுவதே. எனினும் 33ஆம் பாட்டின் வேடன் இன்று இங்கு வந்தால், கூடையை நெல்லுக்கு மாற்றியதற்காகவே குற்றவாளியாவான்.

நம் கவிஞர்கட்கு மான் என்றால் இன்றும் பெண்ணின் கண்தான். குளுவாங், சிகாமட் தோட்டங்களிற் பிறந்து, காட்டோரத்தில் மானின் குளம்படியைக் கண்டவர் நம்முள் இல்லாமலில்லை. எண்டாவ்க் கரைக் குடிசை முற்றத்தில் ஒரு வேட்டுவன் மனையாள் காண்பது யாதென அறிந்து எழுதுவார் உளரேல், இப்பக்கத்தில் இடந்தர நாம் ஆயத்தமாயுள்ளோம்.