பத்து மில்லிமீட்டர் விவகாரம்

போன மாதம் என் பேஸ் கிடாரை விற்க இருந்தேன். ஆள் பார்த்து, விலையும் பேசியாச்சு. என்னிடம் இருப்பது 60-களின் அளவில் செய்த ஜாஸ் பேஸ். எனக்குத் தேவை 70-களின் அளவில் செய்தது என்று முடிவு பண்ணியிருந்தேன். காதால் கேட்டு எடுத்த முடிவு இல்லை அது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்த ஒப்பீட்டு வீடியோக்கள் எடுத்த முடிவு. எல்லாவற்றிலும் ஒரே தீர்ப்புதான்: 60 என்றால் கதகதப்பு, 70 என்றால் பளிச்.

பேஸ் பக்கம் அதிகம் போகாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. ஃபெண்டர் கம்பெனி ஜாஸ் பேஸை 1960-ல் கொண்டுவந்தது. அதில் இரண்டு பிக்கப்: ஒன்று கழுத்துப் பக்கம், இன்னொன்று கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கம். கம்பியின் அசைவை மின்சாரமாக மாற்றும் காந்தமும் கம்பிச்சுருளும்தான் பிக்கப். 70-களின் தொடக்கத்தில் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டார்கள். இரண்டுக்கும் இடையே 3.6 அங்குலமாக இருந்தது 4 அங்குலம் ஆனது. வித்தியாசம் சுமார் 10 மில்லிமீட்டர். அதோடு மரமும் மாறியது. 60-களில் பெரும்பாலும் ஆல்டர் உடம்பு, ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு. 70-களில் ஆஷ் உடம்பும் மேப்பிள் ஃப்ரெட்போர்டும் நிறைய வந்தன.

ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் கொண்டுவரும் சாட்சிகள் இரண்டு பேர். 60-க்கு ஜாகோ பாஸ்டோரியஸ், அவருடைய 1962 பேஸ். 70-க்கு மார்கஸ் மில்லர், அவருடைய 1977 பேஸ். "கேளுங்க, எவ்வளவு வித்தியாசம்!" என்பார்கள். வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்! ஜாகோவின் பேஸில் ஃப்ரெட்டே கிடையாது, பலகை மேல் எபாக்ஸி பூச்சு, வாசிப்பில் பெரும்பாலும் பிரிட்ஜ் பிக்கப்பின் ஆட்சி. மார்கஸ் கட்டைவிரலால் அடிக்கிறவர். அவர் பேஸுக்குள் ரோஜர் சடாவ்ஸ்கி ஒரு ப்ரீஆம்ப் வேறு வைத்துக் கொடுத்திருக்கிறார். இதில் அந்த 10 மில்லிமீட்டரை எங்கே போய்த் தேடுவது? ஃபில்டர் காபியையும் டீயையும் குடித்துப் பார்த்துவிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் டம்ளர் என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

சரி, குறை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது. நண்பர் ஒருவரிடம் 70 அளவு பேஸ் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்து, ஆம்ப் இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டரில் பதிவு பண்ணினோம். முதல் சுற்றில் வீடியோக்கள் சொன்னது அப்படியே பலித்தது. அவருடையது கண்ணாடி மாதிரி தெளிவு, என்னுடையது கம்பளி போர்த்திய மாதிரி. எனக்கு ஒரே சந்தோஷம், விற்கும் முடிவு சரிதான் என்று.

அப்புறம்தான் கம்பிகளைப் பார்த்தோம். அவருடையது போன வாரம் மாட்டிய ஸ்டீல் கம்பி. என்னுடையது இரண்டு வருஷமாக வியர்வை குடித்த நிக்கல் கம்பி. கழற்றி மாற்றி மாட்டினோம். பளிச் கம்பியோடு சேர்ந்து என் பேஸுக்கு வந்துவிட்டது, கம்பளி அவர் பக்கம் போய்விட்டது!

இங்கேயே நிறுத்திவிட்டு "எல்லாம் ஏமாற்று வேலை, டோன் விரல்ல இருக்கு" என்று எழுதியிருந்தால் நிறைய லைக் கிடைத்திருக்கும். ஆனால் அதுவும் சோம்பேறித்தனமான பதில். இரண்டுக்கும் ஒரே ரகப் புதுக் கம்பி போட்டு, பிக்கப் உயரத்தைச் சமமாக்கி, ஒலி அளவையும் சரிபார்த்து மறுபடி பதிவு பண்ணினோம். எது எது என்று சொல்லாமல் நண்பர் எனக்குப் போட்டுக் காட்டினார். கழுத்து பிக்கப் மட்டும் என்றால் நான் சொன்னதெல்லாம் பூவா தலையா கதைதான். அந்த பிக்கப் இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதால் எனக்கு ஆச்சரியமில்லை. (மரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த ஒரு சோதனையையாவது செய்து பார்க்கலாம்.) பிரிட்ஜ் பிக்கப் மட்டும் என்றபோது பெரும்பாலும் சரியாகச் சொன்னேன். 70-ன் அடிநாதம் மெலிந்திருந்தது. கம்பி பிரிட்ஜை நெருங்க நெருங்கக் குறைவாக அசையும். என் கணக்கில், திறந்த கம்பியின் அடிப்படைச் சுரம் அங்கே சுமார் 15 சதவீதம் குறைவாகக் கிடைக்கும். அதாவது 70-ல் பளபளப்பு கூடுகிறது என்பதைவிட அடிப்பகுதி குறைகிறது என்பதே சரி.

இரண்டு பிக்கப்பையும் முழுசாகத் திறந்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒரு பிக்கப்பின் மேல் கம்பி ஏறும்போது மற்றதன் மேல் அதே அளவு இறங்கும். இரண்டும் கழிந்துபோய் ஒலியில் ஒரு பள்ளம் விழும். தடித்த ஈ கம்பியில் 60 அளவுக்கு அந்தப் பள்ளம் சுமார் 390 ஹெர்ட்ஸில், 70 அளவுக்கு சுமார் 350-ல். எந்த ஃப்ரெட்டில் விரல் வைத்தாலும் இது நகராது. சுரம் மாறினாலும் பேஸின் "குரல்" ஒன்றாகவே இருக்க இதுவும் ஒரு காரணம். அந்த 40 ஹெர்ட்ஸ் நகர்வு காதில் விழுகிறது. கட்டைவிரலால் அடித்தால் நன்றாகவே விழுகிறது. ஆனால் "கதகதப்பு", "பளிச்" என்ற இரண்டு சொல்லும் அதற்குப் பொருந்தவில்லை. 60-ல் மூக்கால் பேசுகிற தன்மை கொஞ்சம் கூடுதல், 70-ல் நடுப்பகுதி கொஞ்சம் வற்றல், இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

கடைசியாக ஒன்று செய்தோம். என் 60-ல் வலது கையை இரண்டு விரல் அகலம் பிரிட்ஜ் பக்கம் தள்ளி வாசித்தேன். நண்பர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "இது என்னோடது" என்றார். அதையே டிரம்ஸ், கீபோர்டோடு கலந்து போட்டபோது இரண்டு பேருக்குமே எது எதுவென்று பிடிபடவில்லை. ராஜா பாட்டுகளில் பேஸை மட்டும் தனியாகப் பிடித்துக் கேட்டே வளர்ந்த காதுகள் இவை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பரின் பேஸைக் கையில் எடுத்ததும் நான் வேறு மாதிரி வாசித்தேன். கழுத்து வேறு, எடை வேறு. கை தானாகவே கட்டைவிரல் அடிக்குப் போனது. ஒருவர் அதற்காக 70 வாங்கினால் நான் மறுப்பு சொல்லமாட்டேன். ஆனால் வீடியோவில் அதைக் கேட்க முடியாது.

வாங்க இருந்தவருக்கு போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் கோபம். எதற்காக 60 அளவு தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "கதகதப்பா இருக்கும்னு சொன்னாங்க சார்" என்றார். இப்போது என்ன வைத்திருக்கிறார் என்று விசாரித்தால், 70 அளவு, புது ஸ்டீல் கம்பி. கழற்றி வைத்திருந்த என் பழைய நிக்கல் கம்பிகளைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன்.