கோட்டும் ஆளும்

என்னுடைய நாவல் ஒன்றில் நீல நிறப் பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஒன்று வருகிறது. கதைக்கு அது அவசியமே இல்லை. பிள்ளைப் பிராயத்தை நினைத்துப் பார்க்கிற ஓர் அத்தியாயத்தில், ஐப்பசி மாதத்து அடைமழையில், சேலை மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீடு திரும்புகிற தகப்பனாருக்கு அதைப் போட்டுவிட்டேன். என் தகப்பனார் கிராமம் கிராமமாகப் போய்த் தவணைக்குச் சேலை விற்றவர். அவருடைய கோட்டும் நீலம்தான். அதன் மேல் விழுந்த துளிகள் தெருவிளக்கில் மின்னுவதாகவும், பிறகு அது வாசல் ஆணியில் சொட்டச் சொட்டத் தொங்குவதாகவும் இரண்டு பாரா எழுதினேன். எழுதும்போது மிகவும் சுகமாக இருந்தது.

நாவல் வெளிவந்த பிறகு எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டைப் பற்றியவை. “எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது, ஸார்” என்று ஊர் ஊராக எழுதியிருந்தார்கள். கதாநாயகியின் சாவைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. இதற்கு ஓர் ஆசிரியன் சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சமயத்தில்தான், முன்பு எப்போதோ பார்த்திருந்த ‘டோண்ட் லுக் நவ்’ என்ற ஆங்கிலப் படத்தை மறுபடியும் பார்க்க நேர்ந்தது. நிக்கோலஸ் ரோக் 1973இல் எடுத்த படம். அதிலும் ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு இருக்கிறது. என் கேள்விக்கு அதில் ஒரு பதிலும் இருந்தது.

படத்துக்குள் போவதற்கு முன் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழை ஓயாத பிரிட்டனில் மழைக்கோட்டுக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. 1823இல் ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மக்கின்டாஷ், ரப்பரைக் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே ஒட்டி, நீர் புகாத துணிக்கு உரிமை பெற்றார். அது குளிரில் விறைக்கும், வெயிலில் பிசுபிசுக்கும், நாற்றமும் அடிக்கும். இருந்தாலும் அவருடைய பெயரே மழைக்கோட்டுக்குப் பெயராகிவிட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1926இல், அமெரிக்காவில் வால்டோ ஸெமன் என்ற ரசாயன நிபுணர், பாலிவினைல் குளோரைடு என்ற முரட்டுப் பிளாஸ்டிக்கில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலந்து, அதைத் தோல் மாதிரி வளையச் செய்தார். பிளாஸ்டிக் கோட்டுக்கு வித்து அங்கேதான்.

யுத்தத்தின்போது பிரிட்டனில் துணிக்கும் பங்கீடு இருந்தது. 1941இல் ஆரம்பித்து 1949 வரைக்கும் நீடித்தது. இத்தனை வருஷம் பழையதை ஒட்டுப்போட்டு உடுத்தியவர்களுக்கு, மலிவாக, மினுமினுப்பாக, மடித்தால் கைப்பைக்குள் அடங்குகிற ஒரு கோட்டு கிடைத்தால் எப்படி இருந்திருக்கும்! காரியாலயத்துப் பெண்ணும், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கிழவியும், பள்ளிக்கூடத்துப் பையனும் அதைப் போட்டுக்கொண்டார்கள். 1963இல் மேரி குவாண்ட் என்ற லண்டன் உடையமைப்பாளர் அதே பிளாஸ்டிக்கைப் பாரிஸ் மேடைக்கே கொண்டுபோனார். ஏழையின் மழைக்கோட்டு நாகரிகமாகிவிட்டது. ஆனால் மேடையில் மினுங்கிய கோட்டைக் கடைக்குக் கொண்டுவருவது சுலபமாக இல்லை. ஊசி போட்டுத் தைத்தால் துளை வழியே கிழிந்துவிடும். மூட்டுகளைச் சரியாக ஒட்டுவதற்கு வழி கண்டுபிடிக்க மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று.

இன்றைக்கு அந்தப் பழைய கோட்டுகளைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியில் வைத்துப் பூட்டாமல், மழை நாளில் அணிந்துகொண்டு வெளியே போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பிளாஸ்டிக்குக்குள் காற்றுப் புகாது. வெளியே மழை, உள்ளே வியர்வை. பத்து நிமிஷம் நடந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அணிந்து பார்க்கிறவனுக்கு அந்தக் காலத்து வியர்வையாவது மிஞ்சுகிறது. தூரத்தில் உட்கார்ந்து மினுமினுப்பை மட்டும் வர்ணிக்கிற என்னைப் போன்றவனுக்கு அதுகூட இல்லை.

பிளாஸ்டிக் அழியாது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். குப்பைமேட்டில் அது வாஸ்தவம்தான். ஆனால் கோட்டு கோட்டாகவே இருப்பதில்லை. வளைந்து கொடுப்பதற்காகச் சேர்த்த எண்ணெய் வருஷக்கணக்கில் மெள்ள மெள்ள வெளியே கசிகிறது. மேலெல்லாம் பிசுக்கு, பிறகு விறைப்பு, மஞ்சள் நிறம், வெடிப்பு. இந்த உடைகளைக் காப்பாற்றுவது மியூஸியங்களுக்கே பெரிய தலைவலி. பழைய நாளை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவனுக்கு அந்தப் பிளாஸ்டிக்கே பதில் சொல்லிவிடுகிறது.

இனிப் படம். டாஃப்னி டு மோரியேயின் கதையை வைத்து எடுத்தது. 1971இல் வெளிவந்த தொகுதியில் இருக்கிற அந்தக் கதையில், குழந்தை மூளைக்காய்ச்சலால் இறந்துபோனதாக வருகிறது. ரோக் அதை மாற்றினார். படத்தின் முதல் காட்சியிலேயே, சிவப்புப் பிளாஸ்டிக் கோட்டு போட்ட சிறுமி வீட்டுத் தோட்டத்துக் குளத்தில் விழுந்து மூழ்கிப்போகிறாள். மழைத் தண்ணீர் மேலே படாமல் இருப்பதற்காகத் தாயோ தகப்பனோ மாட்டிவிட்ட கோட்டு. குளத்துத் தண்ணீருக்கு அது என்ன செய்யும்? தகப்பன் ஓடி வந்து, இடுப்பளவு நீரில் நின்று, அந்தச் சிவப்பைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு அலறுகிறான். டானல்ட் ஸதர்லண்டின் அந்தக் கோலத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

கதையிலிருந்து விலகினால் உடனே குறை சொல்லுகிற கட்சியைச் சேர்ந்தவன் நான். இந்த இடத்தில் மட்டும் ரோக் செய்ததுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். காய்ச்சலுக்கு நிறம் கிடையாது. கோட்டுக்கு உண்டு.

தகப்பனுடைய தொழிலைக் கவனிக்க வேண்டும். ஜான் பழைய மாதாகோயில்களைப் புதுப்பிக்கிறவன். குழந்தை இறந்த பிறகு மனைவி லாராவுடன் வெனிஸுக்கு வந்து, ஒரு கோயிலில் வேலை செய்கிறான். உதிர்ந்துபோன வண்ணச் சில்லுகளுக்குப் பதில், பழையது போலவே தோன்றுகிற புதிய சில்லுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துப் பதிக்கிறான். சாயலை வைத்துத் தீர்மானிப்பது அவனுடைய பிழைப்பு. அந்தப் பழக்கமே பின்னால் அவனுக்கு யமனாகிறது.

வெனிஸில் லாரா இரண்டு வயதான சகோதரிகளைச் சந்திக்கிறாள். ஒருத்திக்குக் கண் தெரியாது. உங்கள் இருவருக்கும் நடுவே உங்கள் பெண் பளபளக்கிற சின்னக் கோட்டோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அந்தக் குருட்டு அம்மாள் சொல்கிறாள். லாராவுக்குக் கோட்டு பெரிதில்லை, சிரிப்புத்தான் பெரிது. குழந்தை சந்தோஷமாக இருக்கிறாள் என்ற அந்த ஒரு செய்தியே அவளை எழுந்து நடக்க வைக்கிறது. ஜூலி கிறிஸ்டி இந்த மாறுதலை வெகு அடக்கமாகக் காட்டுகிறார். ஜானுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆவி, ஜோஸ்யம் எல்லாம் பித்தலாட்டம் என்கிறான். ஆனால் ஊரின் சந்துகளிலும் பாலங்களிலும் ஒரு குட்டைச் சிவப்பு உருவம் அவன் கண்ணில் படுகிறபோது அவனால் சும்மா இருக்க முடிவதில்லை. கடைசியில் ஓர் இரவு அதைத் துரத்திக்கொண்டே போகிறான்.

முடிவைச் சொல்லாமல் விமரிசனம் செய்ய முடியாது. படம் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும். அந்த உருவம் அழுகிறது என்று எண்ணி, ஒரு குழந்தையைத் தேற்றுவதைப் போல் நெருங்குகிறான். அது திரும்புகிறது. குள்ளமான கிழவி ஒருத்தி. ஊரில் கொலைகள் செய்துகொண்டிருப்பவள். அவள் கத்தியால் அவன் உயிர் போகிறது.

இந்த முடிவை வெறும் பயமுறுத்தல் என்று முதல் தடவை பார்த்தபோது நினைத்தேன். இப்போது வேறு விதமாகப் படுகிறது. ஜான் சிவப்பை அடையாளம் கண்டுகொண்டான். அதற்குள் இருந்த ஆளைப் பார்க்கவில்லை. பழைய நாளின் மேல் நமக்கு வருகிற ஏக்கத்துக்கெல்லாம் இந்தக் குறை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உடை சட்டென்று தெரிந்துவிடுகிறது. உடுத்தியவருடைய முகத்துக்கு அருகே போய்ப் பார்க்க நாம் சிரமப்படுவதில்லை.

‘பிளேட் ரன்னர்’ என்று இன்னொரு படம். ரிட்லி ஸ்காட் 1982இல் எடுத்தது. அதில் ஜோரா என்ற செயற்கைப் பெண் உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுகிறாள். முதுகில் சுடப்பட்டு, கடைக் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு விழுகிறாள். இந்தக் காட்சியைப் பற்றி யாரிடம் பேசினாலும் கோட்டின் அழகைத்தான் முதலில் சொல்கிறார்கள். கண்ணாடி மாதிரி இருக்கிற கோட்டுக்குள்ளும் நமக்கு ஆள் தெரிவதில்லை!

ரோக்கின் படத்திலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்தக் குள்ளக் கிழவி யார்? அவளுக்கு ஏன் சிவப்பு? ஏன் கொலை? கதையும் சொல்லவில்லை, படமும் கேட்கவில்லை. ஒரு மனுஷியின் உடற்குறையையே பயங்கரமாகக் காட்டிவிட்டுப் படம் முடிந்துவிடுகிறது. ஜான் செய்த பிழையைச் சுட்டிக்காட்டிய கலைஞரே கடைசி நிமிஷத்தில் அதே பிழையைச் செய்திருக்கிறார். அவரும் கோட்டோடு நின்றுவிட்டார். படம் உயர்ந்த படம்தான். ஆனாலும் இந்த ஓட்டை ஓட்டைதான்.

பிறரைக் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. இதையெல்லாம் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். அவள் என் புத்தகங்களை நிதானமாகப் படிப்பவள். நாவலை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“கோட்டு நீலம், சரி. அப்பா அதைப் போட்டுக்கிட்டு வந்து நீ என்னிக்குடா பார்த்தே?”

“தினம் பார்த்திருக்கேனே, அக்கா.”

“மூட்டை மேலே போர்த்தியிருப்பாருடா. சேலை நனைஞ்சா கடைக்காரருக்கு யாரு பதில் சொல்றது? அவர் தொப்பலா நனைஞ்சுக்கிட்டுத்தான் வருவார். நான்தான் துண்டு எடுத்துக் கொடுப்பேன்.”

நான் பேசவில்லை. அவள் சொன்னதும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆணியில் தொங்கிய கோட்டு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டவர் நினைவில் இல்லை. மழையில் வண்டி மிதித்து வந்த ஒரு மனிதரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது நீல நிறம் ஒன்றைத்தான். அவருடைய மார்ச்சளியையும், கடைக்கணக்கையும், ஒரு சேலைக்குத் தன் உடம்பைவிட மதிப்பு அதிகம் என்று அவர் தீர்மானித்த தீர்மானத்தையும் விட்டுவிட்டேன். எழுத்தாளன் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறேன்.

இரண்டாம் பதிப்பில் அந்த இரண்டு பாராவையும் மாற்றப் போகிறேன். கோட்டு மூட்டையின் மேலே போய்விடும். வாசகர்கள் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்குக் கடிதம் எழுதியவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு கோட்டு இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதை யார் போட்டுக்கொண்டார்கள், யார் போட்டுக்கொள்ளவில்லை என்று வீட்டில் இருக்கிற பெரியவர்களை ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். கேட்டுச் சொல்ல அவர்கள் இருக்கும்போதே விசாரித்துவிடுங்கள்.