ஒய் அச்சைக் கோடு வெட்டுமிடம்

சித்தையன்கோட்டையில் உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பத்தாம் வகுப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, 3எக்ஸ் + 2ஒய் − 12 = 0 என்ற நேர்க்கோட்டின் ஒய் வெட்டுத்துண்டு யாது என்ற வினாவுக்குச் சற்றும் தயங்காமல் −12 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்கிற்குப் போனதைக் கண்டபோது, பிழை அந்தக் குழந்தையினுடையதன்று, நாம் கற்பிக்கும் முறையினுடையது என்றே எனக்குத் தோன்றிற்று. ஒய் = எம்எக்ஸ் + சி என்னும் வடிவத்தில் சி என்பதே வெட்டுத்துண்டு; ஏஎக்ஸ் + பிஒய் + சி = 0 என்னும் பொதுவடிவிலும் அதே சி வந்து நிற்கிறது; ஆயினும் அங்கே அதை ஒய்யின் கெழுவால் வகுத்துக் குறியையும் மாற்றினால்தான் வெட்டுத்துண்டு கிடைக்கும். ஒரே எழுத்தை இரு பொருளில் ஆண்டு, சூத்திரத்தை மனப்பாடமும் செய்வித்துவிட்டால், பரீட்சை வேளையில் இரண்டும் கலந்துபோகாமல் என்ன செய்யும்?

எக்ஸுக்குப் பூஜ்ஜியத்தைப் பிரதியிடும் முறையில் இந்த அபாயம் இல்லை. ஒய் அச்சின்மேல் உள்ள எந்தப் புள்ளிக்கும் எக்ஸ் பூஜ்ஜியமே என்ற ஒரே உண்மையிலிருந்து அது பிறக்கிறது. அந்தப் பெண்ணிடம், அவள் கணக்கிலிருந்த கோட்டின் மேலுள்ள (2, 3), (4, 0) ஆகிய புள்ளிகளை வரைபடத்தாளில் குறித்து, அளவுகோல் வைத்துக் கோட்டை நீட்டச் சொன்னேன். கோடு அச்சைக் கடந்த இடத்தில் பென்சில் முனையை ஊன்றிக்கொண்டு, "ஆறுல்ல தாத்தா வருது!" என்றாள். எக்ஸ் = 5 என்ற செங்குத்துக் கோட்டிலோ, பிரதியிட்டால் 0 = 5 என்ற முரண்பாடு எழுந்து, அக்கோடு அச்சைச் சந்திப்பதே இல்லை என்பதை அம்முறை தானே அறிவித்துவிடுகிறது. வெட்டுத்துண்டு என்ற சொல் நீளத்தை நினைவூட்டுவதால் குறை எண்ணின் குறியைப் பிள்ளைகள் விட்டுவிடுவதும் உண்டு. படம் வரைந்தால் அதுவும் தீரும்.

எனினும் இந்த நல்ல முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத்தான் வகுப்பறையில் நாம் சொல்வதேயில்லை. சென்னை ஆட்டோக்களுக்கு 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். வெட்டுத்துண்டு எவ்வளவு என்றால் பலரும் 25 என்பர். ஆனால் 12 என்ற சாய்வுள்ள அந்தக் கட்டணக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், 25-இல் 21.60 போக, அது அச்சை வெட்டுவது 3.40-இல். எந்தப் பயணியும் செலுத்தாத தொகை அது, 1.8 கிலோமீட்டருக்கு முன்னால் அந்தக் கோடே இல்லை. செல்சியஸைப் பாரன்ஹீட்டாக மாற்றும் கோட்டில் வரும் 32 அப்படிப்பட்டதன்று. பனிக்கட்டி உருகும் வெப்பநிலை என்ற மெய்யான அர்த்தம் அதற்கு உண்டு. இரண்டையும் ஒரே பிரதியிடல் சமமாகவே ஈந்துவிடுகிறது. வேறுபாட்டை அறிவது கணக்கிடுவோர் பொறுப்பு.

ஆகவே கணித ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இது: சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுமுன் ஒரு வாரமேனும் வரைபடத்தாளைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள், ஒவ்வொரு கணக்கிலும், எக்ஸ் பூஜ்ஜியமாகும் இடத்தில் இந்தக் கோடு உண்மையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.