ஆசனவாய் வெடிப்பு: யாரிடம் சோதித்த மருந்து, யாருக்கு?

நம்ம ஊரில் ஆசனவாயில் வலி, ரத்தம் என்றாலே "மூலம்" என்று முடிவு கட்டிவிடுவோம். ஆனால் மலம் கழிக்கும்போது பிளேடால் கிழித்த மாதிரி வலி, அதன்பிறகும் மணிக்கணக்கில் எரிச்சல், கொஞ்சம் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் என்றால் அது பெரும்பாலும் வெடிப்பு. டாக்டர்கள் ஃபிஷர் என்பார்கள். வலி திடீரென்று வருவதாலும், உயிர் போகிற மாதிரி இருப்பதாலும், ராத்திரியில் எமர்ஜென்சிக்கு ஓடுகிறவர்களும் உண்டு. அங்கே கொடுக்கும் களிம்புகளுக்குப் பின்னால் என்ன ஆதாரம் இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை; ஆய்வுகளைப் படித்துக் கேள்வி கேட்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் கோட்பாடு. இறுகிய மலம் தோலைக் கிழிக்கிறது. வலியில் உள்சுருக்குத் தசை இறுகுகிறது. வெடிப்பு வழக்கமாக வருகிற பின்பக்க நடுக்கோட்டில் ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைவு. தசை இறுகினால் இன்னும் குறையும், புண் ஆறாது. அதனால் தசையைத் தளர்த்தினால் ஆறும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற நைட்ரோகிளிசரினைக் களிம்பாக்கித் தடவும் யோசனை இதிலிருந்துதான் வந்தது.

1997-ல் லான்செட்டில் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த லண்ட், ஸ்கோல்ஃபீல்ட் இருவரும் 80 பேரிடம் நடத்திய சோதனை வந்தது. எட்டு வாரத்தில் மருந்துக் குழுவில் 68 சதவீதம் பேருக்கு ஆறியது. வெறும் களிம்பு தடவியவர்களில் 8 சதவீதம்தான். யாருக்குத்தான் இது பிடிக்காது? ஆனால் 2012-ல் காக்ரேன் அமைப்பு 75 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, அந்த இடைவெளி 48.9-க்கு 35.5 என்று சுருங்கிவிட்டது. முதலில் ஆறியவர்களில் சுமார் பாதிப் பேருக்குத் திரும்பவும் வந்தது. டில்டியாசெம், நிஃபெடிபின் வகைகளும் பலனில் இதே அளவுதான். பக்கவிளைவு மட்டும் குறைவு. நைட்ரோகிளிசரினுக்குத் தலைவலி உறுதியான துணை: 1997 சோதனையிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு வந்தது. அமெரிக்காவின் எஃப்டிஏ 2011-ல் இந்தக் களிம்புக்கு அனுமதி தந்தபோதுகூட, நாள்பட்ட வெடிப்பின் வலிக்கு என்றுதான் தந்தது.

என் முக்கியமான குறை இது இல்லை. மேலே சொன்ன 1997 சோதனையும் எஃப்டிஏ அனுமதியும் நாள்பட்ட வெடிப்பைப் பற்றியவை. அதாவது ஆறேழு வாரம் தாண்டியும் ஆறாமல், அறுவை சிகிச்சை நிபுணரிடம் வந்து சேர்ந்தவர்கள். எமர்ஜென்சிக்கு வருகிறவரோ பெரும்பாலும் நேற்றோ முந்தாநேற்றோ கிழிந்தவர். ஒரு சிஸ்டத்தில் ஓடிய டெஸ்டைக் காட்டி, வேறொரு சிஸ்டத்தில் ரிலீஸ் பண்ணுகிற மாதிரி இருக்கிறது இது.

புதிதாகக் கிழிந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட சோதனை ஒன்று உண்டு. 1986-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஜென்சன் எழுதியது. முதல்முறை வெடிப்பு வந்த 103 பேர், மூன்று குழுக்கள். மூன்று வாரத்தில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் களிம்புக் குழுவில் 60 சதவீதம் பேருக்கு ஆறியது. ஹைட்ரோகார்ட்டிசோன் குழுவில் 82.4, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்து, தவிடும் சாப்பிட்டவர்களில் 87. முதல் இரண்டு வாரம் வலி குறைந்ததிலும் தண்ணீர்–தவிடுக் குழுதான் முன்னிலை. எமர்ஜென்சியில் கை தானாகப் போகிற லிக்னோகெய்ன்தான் இங்கே கடைசி!

இந்தச் சோதனையிலும் ஓட்டைகள் உண்டு. சிறியது. தண்ணீரில் உட்காருகிறவருக்குத் தான் எந்தக் குழு என்று தெரியாமல் இருக்காது. பலன் தண்ணீராலா தவிடாலா என்று பிரிக்கவும் முடியாது. ஆனால் 1987-ல் அதே ஜென்சன், ஆறிய 75 பேரிடம் ஓராண்டு நடத்திய இன்னொரு சோதனை கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. தினமும் 15 கிராம் தவிடு எடுத்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. 7.5 கிராம் எடுத்தவர்களில் 60, போலி மருந்து எடுத்தவர்களில் 68. பாதி அளவு எடுத்தால் கிட்டத்தட்ட எதுவும் எடுக்காத மாதிரிதான். "நார்ச்சத்து சேர்த்துக்கோங்க" என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி அளவு சொல்லாமல் விடுவது, மாத்திரை பெயரை எழுதிவிட்டு எத்தனை வேளை என்று எழுதாததற்குச் சமம்.

அப்போ எமர்ஜென்சியின் வேலை என்ன? பிட்டத்தை மெல்ல விலக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் வெடிப்பு தெரியும். வலியில் துடிப்பவரிடம் விரல் விட்டுச் சோதிக்க வேண்டியதில்லை. காய்ச்சலோ வீக்கமோ இருந்தால் சீழ்க்கட்டியைத் தேட வேண்டும். வெடிப்பு நடுக்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் இருந்தால் கிரோன் நோய், காசநோய், எச்ஐவி, புற்றுநோய் ஆகியவற்றை யோசிக்க வேண்டும். வலிக்கு ஓபியாய்டு மாத்திரை கொடுத்தால் மலச்சிக்கல் வந்து, கிழிந்த இடமே மறுபடி கிழியும். நைட்ரோகிளிசரின் எழுதும் முன் வயாகரா வகை மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்டாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும்.

நாள்பட்ட வெடிப்புக்குக் களிம்புகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மிகச் சிறந்த பலன் தருவது அறுவை சிகிச்சைதான். ஆனால் அதில் மலம், வாயுக் கட்டுப்பாடு குறையும் அபாயம் இருப்பதால், முதலில் களிம்பை முயல்வது நியாயமே. புதிதாகக் கிழிந்தவருக்கோ தவிடு அல்லது இசப்கோல், நிறையத் தண்ணீர், வெதுவெதுப்பான நீரில் உட்காருவது ஆகியவைதான் முதல் வரியில் வரவேண்டும், அளவோடு. இத்தனை ஆண்டுகளில் அந்த 1986 சோதனையைப் பெரிய அளவில், எமர்ஜென்சிக்கு வருகிறவர்களிடமே நடத்திப் பார்த்திருக்கலாம். தவிட்டுக்குக் காப்புரிமை கிடையாதே, யார் செலவு பண்ணுவாங்க?