முனையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ்

கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் முதல் புகார் டிரிகர் மேல்தான் வரும். ஆறு தோட்டா சுடுவதற்குள் விரல் கழன்றுவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் டிரிகருக்குக் கை பழகிவிடும். கடைசிவரை பழகாதது அதன் சைட். குழல் நுனியில் ஒரு சின்னத் தகடு, பின்னால் ஒரு பள்ளம். போலீஸ்காரர்களும் என்.சி.சி. பிள்ளைகளும் ஃபோர்சைட், பேக்சைட் என்பது இவற்றைத்தான். இரண்டுமே கறுப்பு. எதிரில் இருப்பதும் மங்கலாக இருந்துவிட்டால், எங்கே தகடு முடிகிறது, எங்கே பள்ளம் தொடங்குகிறது என்று கண் தேட வேண்டியிருக்கும்.

என்னிடம் இருப்பது மார்க் 3. 3 அங்குலக் குழல், சுமார் 700 கிராம் எடை. சித்தூரை அடுத்த பங்காருபாளையம் பக்கம் எனக்குத் தோத்தாபுரி மாந்தோப்பு. சீசனில் மண்டியிலிருந்து ரொக்கத்தோடு இரவில் திரும்ப வேண்டியிருக்கிறது என்று காரணம் எழுதி வாங்கிய உரிமம். சென்னை நண்பர்கள், "யானைக்கா வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். பலமனேர், குப்பம் பக்கம் கௌண்டின்யா காட்டிலிருந்து யானை இறங்குவது அவர்கள் காதுவரை போயிருக்கிறது. வனவிலங்கு மேல் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது ஒருபுறம் இருக்க, .32 தோட்டாவின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 150 ஜூல். யானைக்கென்று ஒரு காலத்தில் எடுத்துப்போன .375 ரைஃபிளுடையது 5,500 ஜூலுக்கு மேல். யானையைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போவதுதான் முறை.

ஆகவே இங்கே கடுமையான பயன்பாடு என்பது வேட்டை இல்லை. மே மாத வெயிலில் இடுப்போடு ஒட்டிக் கிடக்கும் தோல் உறை, அதற்குள் ஊறும் வியர்வை, டிராக்டர் கிளப்பும் செம்மண் புழுதி, ஐப்பசி மழை, பைக் குலுக்கல். சைட் இதையெல்லாம் தாங்க வேண்டும். தாங்கியபின் தேவைப்படும் ஒரு நொடியில் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும்.

முதலில் அடிப்படைக் கோளாறு. இந்த ரிவால்வர் பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் வாரிசு. நடுவில் மடங்கித் திறக்கும் வகை. மேலே கொண்டியை அழுத்தினால் குழலும் சிலிண்டரும் முன்னால் கவிழும், காலித் தோட்டாக்கள் வெளியே வரும். பார்க்க அழகுதான். ஆனால் பேக்சைட் பள்ளம் வெட்டியிருப்பது அந்தக் கொண்டியின் மேலேயே. கொண்டி இருப்பது பிடி உள்ள பாதியில், ஃபோர்சைட் இருப்பது குழல் உள்ள பாதியில். அதாவது ஒரே கோட்டில் நிற்க வேண்டிய இரண்டு குறிகள், கீலால் இணைந்த இரண்டு வேறு துண்டுகளில் உட்கார்ந்திருக்கின்றன. கீலோ கொண்டியோ தேய்ந்தால் சைட்டும் சேர்ந்து ஆடும். சினிமாவில் வருவதுபோல ஒரு கையால் 'படக்' என்று உதறி மூடுகிறவர்களின் ரிவால்வர் சீக்கிரமே இந்தக் கதிக்கு வரும். குழலைக் கையால் பிடித்து மெதுவாக ஏற்றி, கொண்டி விழும் சத்தம் கேட்கும்வரை அழுத்தி மூட வேண்டும்.

இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள தூரம் இன்னொரு சிக்கல். என்னுடையதில் அளந்தால் 12 சென்டிமீட்டர் பக்கம் வருகிறது. பள்ளத்துக்குள் தகடு அரை மில்லிமீட்டர் விலகி நின்றால் 15 மீட்டரில் தோட்டா 6 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். 25 மீட்டரில் 10 சென்டிமீட்டரைத் தாண்டும். போட்டிகளில் 25 மீட்டர் சென்டர்ஃபயர் பிரிவில் சுடுபவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவதும் .32 தோட்டாதான். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து அன்றைய உலக சாதனையைச் சமன்செய்தது அந்தப் பிரிவில்தான். அந்தப் பிஸ்டல்களில் இரண்டு குறிகளுக்கும் நடுவே 22 சென்டிமீட்டர்வரை விதி இடம் தருகிறது. பேக்சைட்டைத் திருகாணியால் இம்மி இம்மியாக நகர்த்தலாம். கான்பூர் ரிவால்வர் கோணலாகச் சுடுகிறது என்று தோட்டாமேல் பழி போடுபவர்கள் இதை யோசிக்கலாம்.

இனி செய்து பார்த்தவை. மலிவான வழி நெயில் பாலிஷ். திருப்பதி கோவிந்தராஜ சுவாமி கோயில் வாசலில் உள்ள வளையல் கடைகளில் கண்ணைப் பறிக்கும் எல்லா நிறமும் கிடைக்கும். காலித் துப்பாக்கி என்பதைச் சிலிண்டரைத் திறந்து இருமுறை பார்த்த பிறகு, ஃபோர்சைட்டின் பின்முகத்தை தின்னரால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். நேராக நிறத்தைப் பூசினால் கீழே இருக்கும் கறுப்பு அதை விழுங்கிவிடும். முதலில் ஒரு பூச்சு வெள்ளை. அது நன்றாகக் காய்ந்தபின் மேலே மெல்லிய இரண்டு பூச்சு நிறம். தூரிகை தடிமனானது, ஈர்க்குச்சியின் முனையில் தொட்டு வைத்தால் ஓரம் சுத்தமாக வரும்.

எந்த நிறம்? பத்திரிகைகள் எல்லாம் ஆரஞ்சு என்கின்றன. மாந்தோப்பின் பச்சைக்கு எதிரே ஆரஞ்சு பிரமாதம். ஆனால் சுடுதளத்தில் இலக்குக்குப் பின்னால் இருப்பது செம்மண் மேடு. சாய்வெயிலில் ஆரஞ்சு அதற்குள் கரைந்துபோகிறது. எலுமிச்சைப் பழ மஞ்சள் இரண்டு இடத்திலும் நின்றது. எங்கள் மண்ணுக்கு என் ஓட்டு மஞ்சளுக்கு.

எதுவரை பூசுவது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். உச்சிக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே அழகாக ஒரு பொட்டு வைத்துவிடுவார்கள். அவசரத்தில் கண் அந்தப் பொட்டைத்தான் பள்ளத்தின் மேல்விளிம்போடு சமன்செய்யும். அப்போது தகட்டின் உண்மையான உச்சி ஒரு மில்லிமீட்டர் மேலே ஏறி நிற்கும், 15 மீட்டரில் தோட்டா 12 சென்டிமீட்டர் மேலே போய் விழும். உச்சி விளிம்புவரை பூசி, காய்ந்தபின் பிளேடால் மேல்விளிம்பை ஒரே இழுப்பில் சமமாக வெட்டிவிடுவதே சரி. இந்தப் பூச்சு துப்பாக்கி துடைக்கும் திரவத்தில் கரையும், உறையில் உரசி உரியும். போனால் போகட்டும், பத்து ரூபாய்ச் சமாச்சாரம், மறுபடி பூசிக்கொள்ளலாம். ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். வியர்வையில் ஒரு வாரம் தாங்காது. பாதி உரிந்த ஸ்டிக்கர் சைட்டே இல்லாததைவிட மோசம்.

பேக்சைட்டுக்கு இதற்கு நேர்மாறான வைத்தியம். கட்டைவிரல் பட்டுப் பட்டு கொண்டியின் கறுப்பு தேய்ந்து வெள்ளி மாதிரி மினுங்கத் தொடங்கும். வெயில் பக்கவாட்டில் விழுந்தால் பள்ளத்தின் ஒரு ஓரம் பளபளத்து, மறு ஓரம் மறையும். கண் ஏமாந்து தகட்டை ஒதுக்கிப் பிடிக்கும். போட்டிக்காரர்கள் கற்பூரத்தைக் கொளுத்தி அந்தப் புகையை சைட்டில் படியவிடுவார்கள். கற்பூரக் கரியைவிட மங்கலான கறுப்பு வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. திருப்பதிப் பக்கத்துக்காரனுக்குக் கற்பூரத்துக்கா பஞ்சம்! ஆனால் விரல் பட்டால் போச்சு, உறைக்குள் போட்டால் உறைக்குத்தான் கரி. சுடுதளத்தோடு அது சரி. தோப்பு வேலைக்கு சாதாரண பெர்மனென்ட் மார்க்கர் பேனா போதும்.

அடுத்தது அரம். இங்கே உங்கள் கை போகக்கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் ஆயுதத்தைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ தடை போடுகிறது. துப்பாக்கி உங்கள் பெயரில் இருப்பது வேறு, அதைத் தேய்க்க உரிமம் இருப்பது வேறு. பழுதுபார்க்கும் உரிமம் உள்ள கடையில்தான் வேலை நடக்க வேண்டும். நான் போன கடையின் பெரியவர் முதலில் அரத்தையே எடுக்கவில்லை. "தேய்ச்சது தேய்ச்சதுதான் சார், மறுபடி ஒட்ட முடியாது. சுட்ட பேப்பரைக் கொண்டுவாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார். நல்ல வேலைக்காரருக்கு அதுதான் அடையாளம். தோட்டாக்கள் ஒரே கூட்டமாக விழுந்து, அந்தக் கூட்டம் தள்ளி இருந்தால் குற்றம் சைட்டில். சிதறி விழுந்தால் குற்றம் கையில்.

கணக்கு சுலபம். கூட்டம் 15 மீட்டரில் 10 சென்டிமீட்டர் கீழே விழுகிறது என்றால், குறிகளுக்கு நடுவே உள்ள 12 சென்டிமீட்டரோடு பெருக்கி 15 மீட்டரால் வகுத்தால் 0.8 மில்லிமீட்டர். ஃபோர்சைட்டின் உயரத்தில் அவ்வளவு குறைத்தால் தோட்டா மேலே வரும். முன்னால் குறைத்தால் மேலே போகும் என்பது தலைகீழாகத் தோன்றும். தகடு குட்டையானால் அதைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரக் குழல் நுனியைத் தூக்கித்தானே ஆக வேண்டும். பெரியவர் முழு 0.8ஐயும் ஒரே மூச்சில் எடுக்கவில்லை. பாதி தேய்த்து, சுட்டுப் பார்த்து வரச் சொல்லி, பிறகுதான் மீதியைத் தொட்டார். கூடவே பள்ளத்தையும் இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை அகலமாக்கினார். எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். நாற்பத்தைந்தைத் தாண்டிய கண்ணுக்கு, தகட்டின் இருபுறமும் வெளிச்சக் கோடு தெரிந்தால்தான் நடு எது என்று புரியும்.

கண்ணாடிக் கடையிலும் ஒரு வேலை இருக்கிறது. படிக்கிற கண்ணாடி புத்தக தூரத்துக்கானது. சைட் இருப்பது நீட்டிய கையின் முனையில். கம்ப்யூட்டர் பார்க்கக் கொடுக்கும் நடுத்தர பவரைக் கேட்டு வாங்குங்கள். இலக்கு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, ஃபோர்சைட் கூர்மையாக இருக்க வேண்டும். இதற்குச் செலவழித்த பணத்தில் ஒரு பைசாகூட வீண் இல்லை.

திருகாணி வைத்த பேக்சைட்டை இதில் பொருத்த முடியாதா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. டென்னசியில் ஹாமில்டன் போவன் என்ற துப்பாக்கிக் கம்மியர் ருகர் ரிவால்வர்களுக்காகச் செய்த தடித்த எஃகு பேக்சைட், தொழிற்சாலைச் சைட் காட்டில் உடைகிறது என்ற புகாருக்குப் பதிலாகவே வந்தது. எல்மர் கீத் என்ற பழைய மாட்டுப்பண்ணைக்காரர் ஃபோர்சைட்டில் தங்கக் கோடுகள் பதித்து, தூரத்துக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொரு கோடாகப் பயன்படுத்தினார். அந்த ரிவால்வர்கள் மடங்காத முழுச் சட்டகம் கொண்டவை, தோட்டாவும் பெரியது. மடங்கும் கொண்டியின் தலையில் திருகாணிச் சைட்டை ஏற்றினால், மூடும் ஒவ்வொரு முறையும் அது அடி வாங்கும். இங்கே நிலையான பள்ளமே நல்லது.

இருட்டில் மேலே சொன்ன எதுவும் உதவாது. மஞ்சளும் கறுப்புதான், ஆரஞ்சும் கறுப்புதான். பாகராப்பேட்டை, சாமலா பள்ளத்தாக்குப் பக்கம் ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்ததை வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் 1954இல் வந்த தன் முதல் புத்தகத்தில் எழுதினார். கையில் வின்செஸ்டர் .405, இரவுக் காவலுக்கு ரைஃபிளோடு டார்ச்சைப் பிணைத்துக்கொள்வது அவர் வழக்கம். எதிரில் இருப்பது எது என்று தெரியாமல் சைட்டைப் பற்றிப் பேசி என்ன பயன்? இடது கையில் ஒரு நல்ல டார்ச், அதுவும் ரிவால்வரை எடுப்பதற்கு முன்பே. திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில் 2023 ஆகஸ்டில் சிறுத்தை ஒரு குழந்தையைக் கொன்றபிறகு திருமலை தேவஸ்தானம் பக்தர்களுக்குக் கொடுத்தது தடி. ஊரே சிரித்தது. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கூட்டமாகப் போகிறவர்கள் கையில் துப்பாக்கியைவிடத் தடி எவ்வளவோ பாதுகாப்பு.

அந்த நடைபாதை போகும் சேஷாசலம் காட்டில்தான் 2013 டிசம்பரில் செம்மரக் கடத்தல்காரர்கள் வனத்துறையினர் இருவரைக் கொன்றார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரிக்கு அருகே தமிழ்நாட்டிலிருந்து போன 20 பேரை செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. தற்காப்பு என்றது போலீஸ். பிடித்துவைத்துச் சுட்டது என்றன மனித உரிமை அமைப்புகள். காட்டுக்கேற்ற ரிவால்வர் என்று விளம்பரப் பாணியில் எழுத அதனால்தான் எனக்குக் கை வருவதில்லை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: 2014இல் வந்த நிர்பீக் என்ற கான்பூர் ரிவால்வர், 500 கிராம்தான். அன்றைய விலை 1,22,360 ரூபாய். பெண்களுக்கு என்று விளம்பரம் செய்தார்கள். எடை குறைவு இடுப்புக்குச் சுகம், ஆனால் அதுவும் மடங்கும் வகைதான், சைட் விஷயத்தில் மார்க் 3க்குச் சொன்னது எல்லாம் அதற்கும் பொருந்தும். 2023 ஆகஸ்டில் கான்பூர் நிறுவனம் வெளியிட்ட பிரபல் ரிவால்வரில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கிறது, சட்டகம் ஒரே துண்டு. இரண்டு குறிகளும் ஒன்றைவிட்டு ஒன்று நகர வழியே இல்லை. சைட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லச் சொன்னால் பிரபல்தான். ஏற்கெனவே மார்க் 3 இருப்பவர்கள் அதற்காக அதை விற்க வேண்டியதில்லை. மஞ்சள் பூச்சு, அகலமான பள்ளம், சரியான கண்ணாடி, இந்த மூன்றும் போதும். தோப்பில் டப்பாவைக் கட்டிச் சுட்டுப் பழக மட்டும் கிளம்பாதீர்கள், வழக்கில் முடியும். சுடுதளம் இருக்கிறது.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவரும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆனதிலிருந்து உரிம விஷயங்களுக்குச் சந்திரகிரி, காளஹஸ்திப் பக்கத்துக்காரர்களுக்குத் திருப்பதி கலெக்டர் அலுவலகம், எங்களுக்குச் சித்தூர். துப்பாக்கியை ஒப்படைப்பதற்கு முன் சைட்டுக்கும் கொண்டிக்கும் எண்ணெய் தடவிய துணியைச் சுற்றிக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது சிலிண்டர் காலியா என்று பார்த்துவிட்டு, கொண்டியை விரலால் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நேராகப் பழுதுபார்க்கும் கடைக்கு. பூச்சு எப்படியும் போயிருக்கும்.