விண்டோஸ் ஃபயர்வால்: ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிப் பார்த்தேன்

கொல்லிமலை திருப்புலி நாட்டில் ஒரு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டு லேப்டாப்களை இணைத்து, விண்டோஸ் 11-உடன் வரும் ஃபயர்வாலைச் சோதித்தேன். காசு கொடுத்துத் தனியாக ஒன்று வாங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கைபேசி இணையத்தில் வெளியாள் நேராக உங்கள் லேப்டாப் வாசலுக்கு வந்துவிடுவது பெரும்பாலும் எளிதல்ல. இடையில் பெரும்பாலும் நெட்வொர்க் நிறுவனத்தின் முகவரி மாற்றும் ஏற்பாடு நிற்கிறது. பயம் பக்கத்தில் இருப்பவரிடம்தான். ஒரே ஹாட்ஸ்பாட்டில் நாலு பேர் இணைந்திருக்க, அவர்களில் ஒருவருடையது வைரஸ் ஏறிய பழைய லேப்டாப்பாக இருந்தால் போதும். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை என்ற கணினிப் புழு, கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட் வழியாக இப்படித்தான் கணினி விட்டுக் கணினி தாவியது.

புதிய இணைப்பை விண்டோஸ் 11 தானாகவே 'பப்ளிக்', அதாவது நம்பக் கூடாத பொது நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த நிலையில் இரண்டாவது லேப்டாப்பிலிருந்து பிங் செய்தேன், பதிலே இல்லை. பகிர்ந்து வைத்த ஃபோல்டரும் திறக்கவில்லை. 'பிரைவேட்' ஆக்கி, கோப்புப் பகிர்வையும் அனுமதித்ததும் அதே ஃபோல்டர் திறந்துகொண்டது. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று பிரைவேட் ஆக்கிவிட்டு அப்படியே விடுகிறோமே, ஓட்டை அங்கேதான்.

உள்ளே வருவதைத் தடுக்கும் இந்தக் காவல்காரர், நாமாகச் சொல்லாதவரை வெளியே போவதைக் கண்டுகொள்வதே இல்லை. வெளிச்செல்லும் இணைப்பு எல்லாவற்றுக்கும் இயல்பாகவே அனுமதி உண்டு. தவறிப்போய் ஒரு உளவு மென்பொருளை நீங்களே நிறுவினால், அது தகவலைத் தாராளமாக அனுப்பும். 'அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' பகுதியில் அவுட்பவுண்ட் ரூல் (வெளிச்செல்லும் இணைப்புக்கான விதி) எழுதி எந்த நிரலையும் தடுக்கலாம். பின்னணியில் டேட்டாவைக் குடிக்கும் செயலிகளை அடக்க இது நன்றாகவே உதவியது. ஆனால் விதி, நிரல் இருக்கும் ஃபோல்டர் பாதையைப் பிடித்துத்தான் நிற்கிறது. அப்டேட்டுக்குப் பின் செயலி வேறு பெயருள்ள ஃபோல்டருக்கு மாறினால் விதி செத்துவிடும். விதி எழுதும் அந்தத் திரையோ 2007-இல் வந்த விஸ்டா காலத்து முகத்தோடு அப்படியே இருக்கிறது. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இது அழகில்லை.

எது தடுக்கப்பட்டது என்று காட்டும் பதிவேடும் முதலில் அணைந்தே இருக்கும். இயக்கி வையுங்கள்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர் தனி ஃபயர்வாலுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 7 ஓடும் பழைய லேப்டாப்புக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. 2020 ஜனவரியோடு அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் பொது ஆதரவு நின்றுவிட்டது. அதில் உபுண்டு போன்ற லினக்ஸை ஏற்றலாம். ஆனால் உபுண்டுவின் ஃபயர்வால் அணைந்த நிலையிலேயே வருகிறது. நிறுவிய அன்றே இயக்கிவிடுங்கள்.