நெல்லிக்கனியும் கள்ளும்

ஔவை என்றதும் நம் நினைவுக்கு வருவது நெல்லிக்கனி. அதைத் தான் உண்ணாமல் அவருக்குக் கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி தகடூரை ஆண்டவன். தகடூர்தான் இன்றைய தருமபுரி. இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு நான் தமிழ் கற்பிக்கிறேன். நெல்லிக்கனி பற்றிய புறநானூற்று 91ஆம் பாட்டை அவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. அதே ஔவை அதே அதியமானைப் பாடிய 235ஆம் பாட்டுக்கு வரும்போதுதான் வகுப்பு திடுக்கிடுகிறது. அதில் கள் இருக்கிறது.

அதியமான் இறந்தபின் பாடிய கையறுநிலைப் பாட்டு அது. ஔவை தன் இழப்பை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார் என்று பாருங்கள். அரியணையிலிருந்தோ படையிலிருந்தோ அல்ல, சேர்ந்து குடித்த கள்ளிலிருந்து. கொஞ்சமே கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்கிறார். பிறகு சோறு வருகிறது, இறைச்சி வருகிறது. புலால் நாறும் தன் தலையை நரந்தம் மணக்கும் கையால் அவன் தடவியதும் வருகிறது. மார்பில் பாய்ந்த வேல் இவற்றுக்கெல்லாம் பிறகுதான். குடித்ததற்கு எந்தச் சமாதானமும் பாட்டில் இல்லை. தன் உடலின் வாடையைச் சொல்வதிலும் கூச்சம் இல்லை.

392ஆம் பாட்டில், நிலவு வெளிறிய பனி விடியலில் அதியமான் மகன் எழினியின் வாயிலில் நின்று கிணைப்பறை கொட்டும் குரலை ஔவை எடுத்துக்கொள்கிறார். கிழிந்த பழந்துணியைக் களைந்து புத்தாடை தருகிறான் எழினி. தேள் கொட்டியதுபோல் கடுக்கும் பழைய தேறலையும் பொற்கலத்தில் தருகிறான். நேரங்கெட்ட நேரத்தில் வெளியே நிற்பவளை அந்தப் பாட்டில் யாரும் விசாரிப்பதில்லை.

இந்த ஔவைக்கு என்ன ஆயிற்று? 89ஆம் பாட்டில் பகைவேந்தன் ஒருவன் மை தீட்டிய கண்ணும் ஒளிரும் நெற்றியும் உடைய விறலி என்று அவரை விளிப்பதாக அவரே பாடுகிறார். சங்கப் பாட்டில் இருப்பது இளம்பெண். பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஆத்திசூடி பாடிய ஔவை வேறொருவர். மக்கள் நினைவு இருவரையும் ஒரே பாட்டியாக்கியது. 1953இல் வந்த ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாளின் உருவம் அந்தப் பாட்டியை நிலைநிறுத்தியது. ஆண்களோடு அமர்ந்து குடித்துப் பாடியவளை ஏற்க வேண்டுமானால் முதலில் அவளுக்கு நரை வேண்டியிருந்தது. பிறகு கள்ளையும் எடுத்துவிட்டோம். கையில் கனி மட்டும் மிஞ்சியது.

“அப்போ ஔவையும் எங்கப்பா மாதிரிதானா மேடம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். இந்த ஊரில் இது விளையாட்டுக் கேள்வி அல்ல. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்நின்றார்கள். 1937இல் மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில். தருமபுரி அன்று அதன் பகுதி. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக்கே நடத்துகிறது. இந்த நூறாண்டில் மதுவோடு பெண்ணுக்கு வாய்த்த இடங்கள் இரண்டு: கடை வாசலில் மறியல், வீட்டு வாசலில் காத்திருப்பு. கூலிப்பணம் வீடு வந்து சேராத பெண்கள் கடையை மூடு என்றால் நான் அவர்கள் பக்கம்தான்.

ஆனாலும் அந்த மாணவிக்கு 235ஆம் பாட்டே பதில் வைத்திருக்கிறது. அது குடியின் பெருமையைப் பேசவில்லை, பங்கீட்டைப் பேசுகிறது. குறைவாக இருக்கும்போது யாருக்குப் போகிறது என்பதே அதன் அளவுகோல். நம் வீடுகளில் கொஞ்சம் கிடைத்தால் அது முழுவதும் அப்பாவுக்கு, மிஞ்சினால்தான் மற்றவர்களுக்கு. அதியமான் இதைத் தலைகீழாகச் செய்தவன். ஆகவே அந்தப் பாட்டு அவள் அப்பாவுக்குச் சாட்சி சொல்லாது. அவரைக் கேள்வி கேட்கும்.

ஜப்பானிய நகரங்களில் நண்பர்கள் ஒரே இரவில் ஒரு சிறு மதுக்கடையிலிருந்து அடுத்ததற்கு நடந்துபோவதை ‘ஹஷிகோஸாகே’ என்கிறார்கள். ஹஷிகோ என்றால் ஏணி. கடை கடையாக ஏறுவது. பெண்கள் தோழிகளோடும் அப்படிப் போகிறார்கள். அங்கும் அலுவலக விருந்துகளில் ஆண்களுக்கு ஊற்றிக்கொடுக்கும் வேலை பெண்ணுக்கு என்ற வழக்கம் இருந்து வந்திருக்கிறது. அதைச் சொர்க்கமாக்க வேண்டாம். எனக்குப் பொறாமை தருவது அவர்களுடைய சாக்கே மது அல்ல. திட்டமில்லாமல் கிளம்பும் நடை, யாருக்கும் கணக்குச் சொல்லாத இரவு, அடுத்த தெருவுக்கும் நீளும் பேச்சு. இங்கே அந்த நடைக்குத் தேநீர்க்கடைகூடப் போதும். ஆனால் இரவு ஒன்பதுக்கு மேல் தருமபுரி பேருந்து நிலையத்தில் நான்கு பெண்கள் சிரித்துக்கொண்டு தேநீர் குடிக்க முடியுமா? 2009 ஜனவரியில் மங்களூர் மதுவிடுதியில் புகுந்து பெண்களை அடித்தவர்களுக்குக் கோப்பையில் என்ன இருந்தது என்பதா கவலை? பெண்கள் தங்கள் விருப்பத்துக்கு அங்கே உட்கார்ந்திருந்ததுதான்.

பெண்களும் குடிக்கட்டும் என்பது என் வாதம் அல்ல. ஔவை அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தார். பாடினார், உண்டார், பங்கு பெற்றார். நெல்லிக்கனிக் கதையில் அவர் தரப்பட்டதைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. 91ஐப் படிப்பிக்கும் பாடத்திட்டம் 235ஐயும் பக்கத்தில் வைக்கட்டும். நட்பை எதிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை நம் மாணவிகள் ஔவையிடமே கேட்டுக்கொள்வார்கள்.